ரோஸ் நிறக் கடையும் மூக்கு உடைந்த பொம்மையும்

பெண்களுக்கு என்ன பிடிக்கும் என்ற விஷயத்தில் பெண்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் உறுதியான கருத்து உண்டு. இத்தனை வயதுவரை வாழ்ந்ததில் (அதில் பாதிக்கு மேல் வாயைத் திறக்காமலேயே கழிந்தது) நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான்.

என் பேத்தி சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கிறாள். கடைக்குப் போகாமலே போனில் கடையைப் பார்த்துவிடலாமாம். அண்மையில் ஒரு வளையல் கடைக்காரர் அவளிடம், "பொம்பளைங்க வர்ற கடைம்மா. எல்லாத்தையும் ரோஸ்ல போட்டுடு. சுத்தி பூ போடு. அப்பதான் வருவாங்க," என்றாராம். "வருவாங்களா பாட்டி?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னேன். "இதை எழுதியே ஆகணும்," என்று பிடித்துக்கொண்டாள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

மலாயா நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட ஆகவில்லை. மலாக்காவில், காஜா பேராங் சாலையோரத்தில் எங்கள் வீட்டுக்காரருக்குத் தையல் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில். குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதும், சுவரில் தட்டினால் விளக்கு எரிவதும் எனக்குச் சொர்க்கலோகச் சமாச்சாரம். (கல்யாணமான புதிதில் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அப்போதே நல்ல மனிதர் என்று தெரிந்துகொண்டேன்.)

அவர் ஆண்களுக்கு மட்டும் தைத்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணிமார்களின் கால்சட்டை, வாத்தியார்களின் சட்டை என்று ஓடிக்கொண்டிருந்த கடை அது. அந்த வருடம் எதிர்ச் சாரியில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், வாசலில் துணியைக் காட்டி வைக்க ஆள் உயரக் கண்ணாடி வைத்துத் தையல் கடை திறந்தார். எங்கள் கால்சட்டைகளெல்லாம் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டன. இவர் காலையில் மெஷினைத் துடைப்பார், மத்தியானம் எண்ணெய் போடுவார், சாயங்காலம் மறுபடியும் துடைப்பார். தைப்பதற்குத்தான் துணி இல்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "தீபாவளி வரைக்கும் பார்ப்போம் கமலம். அதுக்குள்ள ஆள் வரலேன்னா கடைய மூடிட்டு தோட்டத்துக்கே போயிடலாம். அப்பா கங்காணிகிட்ட சொல்லி வெச்சிருக்காரு."

தோட்டம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மறுபடியும் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போக வேண்டும். அதைவிட, துணியை வெட்டும் அந்தக் கை மரத்தை வெட்டப் போகிறதே என்பதுதான் என்னை உலுக்கியது. என் கல்யாண ரவிக்கையை அவர்தான் தைத்தார். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு அனுப்பியதோடு சரி. அதை வைத்துக்கொண்டு அவர் தைத்தது என் தோளில் உட்கார்ந்த அழகை இன்றுவரை வேறு எந்தக் கடை ரவிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

அந்த ரவிக்கைதான் அவருக்கும் யோசனை கொடுத்தது. பெண்களுக்குத் தைத்தால் என்ன? தீபாவளிக்கு ரவிக்கை தைக்காத வீடு உண்டா?

நல்ல யோசனைதான். ஆனால் பெண்களை எப்படிக் கடைக்குள் வரவழைப்பது என்பதை ஆலோசிக்க ஒரு சபை கூடியது. சபை கூடிய இடம் எங்கள் கடை வாசலில் இருந்த பெஞ்சு. சபை உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள். பக்கத்துப் பலசரக்குக் கடைக் காதர் பாய், பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர் மணியம், வேலை வெட்டி இல்லாமல் பேப்பர் படிக்க வரும் இன்னும் சிலர்.

"பொம்பளைங்களுக்கு ரோஸுன்னா உசுரு தம்பி," என்று காதர் பாய் ஆரம்பித்துவைத்தார்.

"பூ வேணும். மயில் வேணும். பார்த்ததும் அப்படியே சொக்கிப் போவணும்," என்றார் மணியம். (மயிலுக்குத் தனிக் கூலி.)

"தவுக்கே ஆள் உசரத்துக்குக் கண்ணாடி வெச்சிருக்காரா? நீ அதுக்கு மேல வையி," என்றார் பேப்பர் படிக்க வந்த ஒருவர்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அது எங்கள் வீட்டுக்காரரின் அக்கா, அன்னம் அண்ணி. அண்ணிக்கு வீடு கிளேபாங்கில். கணவரை வேலைக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் குரல் கிளேபாங்கில் புறப்பட்டால் பஸ்ஸுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

"பாய்! நேத்து உங்க வீட்டம்மா என்ன கலரு கட்டியிருந்தாங்க?"

பாய் யோசித்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். "அது வந்து தங்கச்சி... பச்சையா... ஊதாவா... கவனிக்கலியே."

"சொந்த வீட்டுப் பொம்பளை கட்டுனது தெரியல. ஊர்ப் பொம்பளைங்களுக்குப் புடிச்சது மட்டும் நல்லா தெரியுது!"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. ஆனால் தீர்மானம் மாறவில்லை. நியாயமாக ஒரு பெண்ணையும் கேட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"கமலம், உனக்கும் ரோஸ்தானே புடிக்கும்?"

எனக்குப் பிடித்தது கரும்பச்சை. தலையை ஆட்டினேன்.

"மயில் போட்டா நல்லாருக்குமில்ல?"

ஆட்டினேன்.

"பெரிய கண்ணாடி?"

அதற்கும் ஆட்டினேன். (யானைப் படம் போடட்டுமா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். அன்றைக்கு என் உடம்பில் கழுத்து ஒன்றுதான் வேலை செய்தது.) வெட்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பேசினால் தப்பாகப் போய்விடுமோ என்ற பயம் என்பதுதான் உண்மை.

"பாத்தியாக்கா, அவளுக்கே புடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போனார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் சோறே வெந்திருக்கும்.

கடை ரோஸ் ஆனது. சுவர் ரோஸ், பலகை ரோஸ், கதவு ரோஸ். மிச்சமான பெயிண்டைப் பெஞ்சுக்கும் அடித்துவிட்டார்கள். மயில் மட்டும் நன்றாக வளர்ந்த கோழி மாதிரி வந்திருந்தது. மிச்சமிருந்த கால்சட்டை வாடிக்கைக்காரர் ஒருவர் அளவு கொடுக்க வந்தவர், கோழியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இரண்டு பக்கமும் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தார். அப்புறம் விடுவிடுவென்று எதிர்ச் சாரிக்கு நடந்தார்.

அடுத்து, வாசலில் புதிதாக வைத்த பெரிய கண்ணாடிக் கூட்டுக்குள் துணி மாட்டி நிறுத்த ஆள் உயரத்தில் ஒரு பெண் பொம்மை வேண்டியிருந்தது. புதியது வாங்கக் கட்டுப்படியாகாது. தெங்கேராவில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து பழைய பொம்மை கிடைத்தது. ஆண் பொம்மை. அரும்பு மீசையோடு கோட்டுப் போட்டு நின்ற பொம்மை. "அதனால என்ன? மீசைய எடுத்துட்டா பொம்பளைதானே," என்றார் மணியம். சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் வழியில் விழுந்து மூக்கு உடைந்தது. சிமெண்டு வைத்து ஒட்டினார்கள். மீசையைச் சுரண்டி, உதட்டுக்குச் சிவப்பு அடித்து, தலைக்குச் சவுரி முடியை வைத்தார்கள். சுரண்டிய இடம் நீலமாகத் தெரிந்தது. மொத்தத்தில், நேற்று சவரம் செய்த ஒரு போலீஸ்காரர் மணக்கோலத்தில் நிற்பது போல இருந்தது.

திறப்பு விழா நாளும் வந்தது. மெர்டேக்காவுக்குக் கட்டிய கொடிகள் சாலையில் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்த சமயம். அதைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே ஒரு திரையைத் தொங்கவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரையை இழுப்பது என்று ஏற்பாடு. காதர் பாய் தன் செலவில் சர்பத் கலக்கியிருந்தார். அண்ணி எனக்கு ரோஸ் சேலை கட்டி, என் வீட்டுக்காரர் புதிதாகத் தைத்த ரோஸ் ரவிக்கையைப் போட்டுவிட்டு, முகத்தில் பவுடரை அப்பினார். கண்ணாடியில் பார்த்தபோது கொழுக்கட்டைக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது.

எல்லோரும் வாசலுக்குப் போன பிறகுதான் கவனித்தேன், பொம்மையின் சவுரி நழுவிக் கொண்டிருந்தது. யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட வாய் வரவில்லை. நானே குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு, பின்பக்கச் சிறுகதவு வழியாகக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஏறினேன். ஒரு ஊசி குத்தினேன். பொம்மை ஆடியது. இன்னொன்று குத்தினேன். பொம்மை என் காலடியில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தது. அதே நேரம், கடைசியாக எல்லாம் சரியா என்று பார்க்க வந்த என் வீட்டுக்காரர், சிறுகதவு திறந்திருப்பதைக் கண்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்.

நான் நிமிர்ந்தேன். திரை விலகியது.

சாலை முழுக்க ஆட்கள். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்பில், வாயில் ஊசி. பின்னால் ரோஸ் சுவர், அதன் முன் ரோஸ் நிறத்தில் நான். கதவைத் தட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம், குனிந்தாவது இருக்கலாம். நான் செய்தது ஒன்றுமில்லை. பயத்தில் இமைகூட அசையவில்லை.

"அட, என்னா பொம்மைடா!" என்றது கூட்டம்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார். தன் பொம்மையைத்தான் புகழ்கிறார்கள் என்று அவருக்குப் பூரிப்பு. "சிங்கப்பூர்லேருந்து வரவழைச்சது!" என்றார்.

"மூக்குதான் கொஞ்சம் சப்பையா இருக்கு," என்றார் ஒருவர்.

"ஆமாங்க. கீழே விழுந்துருச்சு. சிமெண்டு வெச்சு ஒட்டியிருக்கோம்."

"முழியும் ஒரு மாதிரி. பேய் அறைஞ்சாப்புல."

"பழைய சரக்குங்க, அப்படித்தான் இருக்கும். வியாபாரம் சூடு பிடிக்கட்டும், இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற புதுசா மாத்திடுறேன்!"

கூட்டம் கைதட்டியது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டார்.

ஆண்கள் சர்பத்துப் பக்கம் நகர்ந்ததும் பெண்கள் கண்ணாடியை மொய்த்தார்கள். பொம்மை முன்னால் யாருக்கு என்ன கூச்சம்? கண்ணாடிக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக அவர்கள் பேசியது அத்தனையும் என் காதில் விழுந்தது.

"ரவிக்கையோட கையப் பாரேன். ஒரு சுருக்கம் உண்டா? நல்ல தையல்காரன்தான்."

"தையல் நல்லாருந்து என்ன பண்ண? யாரு அளவெடுப்பா? இந்தாளா?"

"அதுக்கு முன்ன உள்ள போவணுமே. பெஞ்சுல பாரு, காலை நீட்டிக்கிட்டு தடித்தடியா. இவனுங்க காலைத் தாண்டிக்கிட்டுப் போறதுக்கு நான் கிழிஞ்சதையே போட்டுக்குவேன்."

"போயி நின்னாலும் இம்மாம் பெரிய கண்ணாடி. நம்ம அளவெடுக்கறத பஸ்ஸுல போறவனெல்லாம் பாக்கணுமாக்கும்."

"கலரப் பாரேன், ஐஸ்கிரீம் வண்டியாட்டம்! எங்க வீட்டுக்காரரு இந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறாரு."

சிட்டிக் கம்பத்து அம்மா ஒருவரும் சாரோங் கைலியும் கெபாயா மேல்சட்டையுமாக வந்திருந்தார். சிட்டிகள் மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ் வம்சம், கம்பம் என்றால் அவர்கள் கிராமம். பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு மலாய். "ஓராங் லாக்கி ஊக்குர்? மாலு லா!" என்றார். ஆம்பளை அளவெடுப்பதா, வெட்கக்கேடு என்று அர்த்தம். எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் "மாலு லா!" என்று சேர்ந்து சொன்னார்கள்.

எனக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் மனதில் இருந்து தொண்டையில் அடைத்துப்போன எல்லாவற்றையும் அவர்கள் சர்பத் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரிகள்!

ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூடு இட்லிப் பானை ஆனது. பவுடர் நெற்றியிலிருந்து கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. சிட்டி அம்மா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து உற்றுப் பார்த்தார். "ஏ! பாத்தோங் இனி பெலு லா!" பொம்மைக்கு வியர்க்கிறது என்று கத்தினார்.

இப்படி முகத்துக்கு நேரே ஒருவர் பார்க்கும்போது பேசாமல் நிற்பது மரியாதை இல்லையே என்று எனக்குத் தோன்றியது. (ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை.) அவரைப் பார்த்துச் சிரித்தேன். பல் நிறையக் குண்டூசியோடு.

காஜா பேராங்கில் அப்படி ஓர் அலறலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. பெண்கள் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். ஒரு ரிக்‌ஷா சாக்கடையில் இறங்கியது. சர்பத்துத் தவலை கவிழ்ந்தது. ஏணிமேல் நின்று கோழியின் தோகையைச் சரிசெய்துகொண்டிருந்த மணியம் ரோஸ் பெயிண்டோடு பெஞ்சின்மேல் வந்து இறங்கினார். காதர் பாயின் வெள்ளைத் தொப்பி அன்றோடு ரோஸ் ஆனது. என் வீட்டுக்காரர் திரும்பினார். "கமலம்?" என்றார். நான் தப்பிக்கப் பார்த்து, கீழே கிடந்த பொம்மை தடுக்கி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். சாலையில் மிச்சமிருந்தவர்கள் கண்ட கடைசிக் காட்சி, நீல மீசைக்காரன் ஒருவனை நான் தழுவிக்கொண்டு கிடந்ததுதான்.

சமையலறையில் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சிது. இனிமே பேயிக் கடைன்னு ஒருத்தரும் வர மாட்டாங்க. பொட்டியக் கட்டு கமலம். தோட்டத்துக்குப் போவலாம்." நான் அழுதேன்.

அண்ணி என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். "அழுவுறதெல்லாம் அப்புறம். அம்புட்டு நேரம் உள்ளாற நின்னியே, வெளியில என்னடி பேசிக்கிட்டாளுங்க? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். பெஞ்சைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், அளவெடுப்பதைச் சொன்னேன், ஐஸ்கிரீம் வண்டியைச் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து நான் பேசாதது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கடைசியில், "எனக்கு ரோஸே புடிக்காது," என்றும் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "தையல் நல்லாருக்குன்னு சொன்னாங்களா?" என்றார்.

"சுருக்கமே இல்லன்னாங்க."

எழுந்து போய் ரோஸ் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த மனிதரை நான் மெச்சாத நாள் இல்லை என்றால் அது அந்த ஒரு காரியத்துக்காகத்தான். ஊர் சிரித்த அன்றைக்கே, பெண்டாட்டி சொன்னதைக் கேட்டுச் சுரண்டியவர் அவர்.

மற்றதெல்லாம் அண்ணியின் வேலை. என்ன ஒரு மூளை! முன்வாசலைக் கரும்பச்சையாக்கிக் கால்சட்டைக்கு விட்டார். பெண்களுக்குப் பக்கத்துச் சந்தில் தனி வாசல், கனத்த திரை, உள்ளே நிலைக்கண்ணாடி. அளவெடுப்பது அண்ணி, எழுதிக்கொள்வது நான். பெஞ்சைக் காதர் பாய் கடைக்கு நாடு கடத்தினார். கண்ணாடிக்குள் பொம்மைக்குப் பதில் ஒரே ஒரு ரவிக்கை, அதுவும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டச் சொன்னார்.

"உள்பக்கத்த எவனாச்சும் கடையில காட்டுவானாக்கா?" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

"எவனும் காட்ட மாட்டான். எவளா இருந்தாலும் உள்தையலத்தான்டா முதல்ல பாப்பா."

முதலில் வந்தவர் அந்தச் சிட்டி அம்மா. சந்து வாசலில் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். கெபாயா தைக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் என் புஜத்தில் விரலால் ஒரு குத்துக் குத்தினார். நான் "ஆ" என்றதும்தான் அவருக்கு நிம்மதி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் தன் கம்பத்துப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார், பொம்மையைக் குத்திப் பார்க்க. குத்திப் பார்த்தவர்கள் எல்லோரும் துணியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தீபாவளிக்கு மெஷின் ஓயவில்லை. தோட்டத்துப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் போலீஸ் சார்ஜன் ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சந்து வாசலில் நுழைந்தார். முன்வாசலில் அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துத் தொப்பையை மறைக்க வேண்டியிருக்கிறதாம், திரைக்குப் பின்னால் அளவெடுக்க முடியுமா என்று கேட்டார். அவரைப் பார்த்து வாத்தியார்கள் வந்தார்கள். தங்களுக்குப் பிடித்ததும் திரைதான் என்று அந்த ஆண்களுக்கே அதுவரை தெரியாது. (இதையும் வளையல் கடைக்காரரிடம் சொல்லும்படி பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.)

பலகையில் என்ன எழுதினாலும் ஊருக்கு அது பொம்மைக் கடைதான். எங்கள் வீட்டிலோ, நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டால் போதும், பிள்ளைகள் அப்பாவைப் பார்ப்பார்கள். "பழைய சரக்குதான், மாத்திடலாம்," என்று அவர் தையலிலிருந்து தலை நிமிராமல் சொல்வார். மருமகள்கள், மருமகன்கள், சம்பந்திகள் என்று புதிதாக வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சாப்பாடு போடுவதற்கு முன்னால் இந்தக் கதையைப் போட்டுவிடுவார்கள்.

அவர் கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மலாய்த் தாதி என்னைக் காட்டி, "இனி சியாப்பா, பாச்சிக்?" என்று கேட்டாள். பெரியவரே, இது யார் என்று.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தோங்," என்றார். "டாரி சிங்கப்பூரா." பொம்மையாம், சிங்கப்பூரிலிருந்து வந்ததாம்.

தாதி பாவம், தாளில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்தாள். நான் குனிந்து அவர் காதருகில் கேட்டேன், "ஏங்க, மாத்துறேன்னு ஊரக் கூட்டிச் சொன்னீங்களே, இன்னும் மாத்தலியே?"

"வியாபாரம் இன்னும் சூடு பிடிக்கல," என்றார்.